முப்பத்தேழு குடைகள்

பத்ரோஸ் சேட்டன் ஒரு குடையைக்கூடத் திருடவில்லை. எனக்கு எண்ணத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருஷம் ஆயிற்று. சொல்ல வேண்டியது அவரிடம். சொல்வதோ உங்களிடம்! இதிலேயே ஒரு கோழைத்தனம் இருக்கிறது பாருங்கள்... அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வேலாயுதம். அதிகம் படித்தவன் இல்லை. ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் விபூதி பூசாமல் வாசற்படி தாண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவேளைதான் சாப்பாடு. பொய் என்பது என் நாக்குக்குத் தெரியாத ருசி என்று நானே என்னைப்பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த விபூதிதான் பின்னால் இத்தனை கெடுதலையும் செய்தது... இல்லை, முருகா, தப்பு, தப்பு! கெடுதல் செய்தது விபூதியா? அதைப் பூசிக்கொண்ட நெற்றிதான்.

நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிது. மட்டாஞ்சேரி பஜாரில் குஜராத்தி சேட்டு ஒருவரின் பெரிய கடை. கீழே பட்டு, பருத்தி, பீங்கான், இனாமல் பாத்திரம், பொம்மை, குடை என்று தனித்தனிப் பிரிவுகள். மேலே மச்சு முழுக்கச் சரக்கு. அந்த மச்சில் ஸ்டாக் பார்க்கும் வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

குடைப் பிரிவு பத்ரோஸ் சேட்டனுடையது. இருபது வருஷமாக அங்கே நிற்பவர். சுள்ளிக்கலில் வீடு. வாடிக்கையாளரின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது தங்களுக்குள்ளது" என்று ஒரே ஒரு குடையை எடுத்து விரித்துக் கையில் கொடுப்பார். இரண்டாவது குடை கேட்டவரை நான் பார்த்ததில்லை. மச்சின் குடைப்பக்கத்துச் சாவியும் அவர் அரைஞாணில்தான் தொங்கும்.

தீபாவளிக்குத்தான் சேட்டுவுக்குப் புதுக்கணக்கு. அதற்கு முன் இரண்டு நாள் கடைக்கதவைப் பாதி சாத்தி வைத்துச் சரக்கு முழுவதையும் எண்ணுவோம். மற்றப் பிரிவுகளைப் பழைய ஆட்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். புதியவனான எனக்குக் குடை. எளிய வேலை அல்லவா! டஜன் டஜனாகக் கயிற்றில் கட்டி அடுக்கி வைத்திருக்கிறது. குழந்தைகூட எண்ணும்.

இங்கேதான் என் அம்மாவைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மாத அரிசி அளக்கும்போது அம்மா முதல் படியை "லாபம்" என்று சொல்லித்தான் போடுவாள். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடுமாம். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் அம்மா பக்தியில் ஒரு படி அதிகம். அந்த லாபப் படியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் கொட்டிவிட்டு, அதற்கு அப்புறம்தான் "ஒண்ணு, ரெண்டு" என்று வீட்டு அரிசியை எண்ணத் தொடங்குவாள். வாய்விட்டு எண்ண மாட்டாள், கண் பட்டுவிடும் என்று. உதடு மட்டும் அசையும்.

நான் எண்ணக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்த அரிசிப் பானைக்குப் பக்கத்தில்.

மச்சில் ஏறி, கந்தனை நினைத்து, முதல் கட்டில் கை வைத்தேன். லாபம்... ஒன்று... இரண்டு... உதடு மட்டும் அசைய எண்ணி முடித்துத் திரும்பி, எழுதிக்கொண்டிருந்த குட்டன் நாயரிடம் "பதினொன்று" என்றேன்.

அடுத்த கட்டு. பதினொன்று. அதற்கடுத்தது. பதினொன்று!

முப்பத்தேழு கட்டு. முப்பத்தேழிலும் பதினொன்று. புத்தகப்படி நானூற்று நாற்பத்து நான்கு இருக்க வேண்டும். என் எண்ணிக்கை நானூற்று ஏழு.

சேட்டு மேலே ஏறி வந்தார். கட்டுகளைத் தொடக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நெடுநேரம் பார்த்தார்.

"ஒவ்வொரு கட்டிலும் ஒண்ணு மாத்திரம்," என்றார். "கள்ளனுக்கு நல்ல மூளை."

எனக்கும் அப்படியே தோன்றியது! என்ன சாமர்த்தியம்! மொத்தக் கட்டாக எடுத்தால் தெரிந்துபோகும் என்று கட்டுக்கு ஒன்றாக உருவியிருக்கிறானே படுபாவி என்று நான் உண்மையாகவே வியந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் நான் குற்றமற்றவன். என் வாழ்க்கையில் அப்படிச் சொல்லிக்கொள்ள அதுவே கடைசி நிமிஷம்.

பத்ரோஸ் சேட்டனைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சேட்டுவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"முப்பத்தேழு குடை எடுத்து நான் என்ன செய்ய?" என்றார். "எனக்கு ஒரு தலையல்லே உள்ளது?"

தானே எண்ணிப் பார்க்கிறேன் என்றார். குற்றம் சாட்டப்பட்டவன் சரக்கைத் தொடக்கூடாது என்று சேட்டு மறுத்துவிட்டார். அப்படியானால் வேலாயுதம் இன்னொரு தடவை எண்ணட்டும், எல்லார் முன்னாலும், என்றார் பத்ரோஸ் சேட்டன். அவர் நம்பியது என்னைத்தான்! நெற்றியில் மூன்று பட்டை உள்ளவன் தப்பாக எண்ண மாட்டான் என்று.

நான் விபூதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி எண்ணினேன். லாபம்... ஒன்று... இரண்டு... கடை ஆட்கள் அத்தனைபேரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொன்று.

சேட்டு நல்ல மனுஷர். இருபது வருஷம் நின்றவனைத் தெருவில் விடவில்லை. சாவியை மட்டும் வாங்கினார். அரைஞாணிலிருந்து அதை அவிழ்க்கப் பத்ரோஸ் சேட்டனுக்கு வெகுநேரம் ஆயிற்று. முடிச்சு இருபது வருஷப் பழையது. அந்தச் சாவி என் கைக்கு வந்தது. வேலையும் அன்றே நிரந்தரமாயிற்று.

அன்று சாயங்காலம் நான் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன்... நன்றி சொல்ல!

தை மாதம் வந்தது. என் மனைவி செல்லம்மாவின் தங்கைக்குக் கல்யாணம். சீர்த்தட்டுக்கு அதிரசம் சுட்டிருந்தார்கள். பதினொரு தட்டு, தட்டுக்கு இருபத்தொன்று, ஆக மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று என்று செல்லம்மாவே எண்ணிக் கூடையில் வைத்திருந்தாள். ஸ்டாக் பார்க்கிற மனுஷன் வீட்டில் இருக்கும்போது வேறு யாருக்கு வேலை? நான்தான் தட்டுகளில் அடுக்கினேன்.

பத்துத் தட்டு நிறைந்தது. பதினோராவது தட்டில் என் எண்ணிக்கை பத்தோடு நின்றது. பதினொரு அதிரசத்தைக் காணோம்!

செல்லம்மாவின் தம்பி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கை எண்ணெயாக இருந்தது. அது போதாதா? அவனுக்கு விழுந்த திட்டு அக்கம்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறக்க வைத்தது. நான் திங்கலக்கா, தலைக்கு எண்ணெய் தேய்ச்சேன் என்று அவன் தலையைக் குனிந்து காட்டினான். யார் பார்த்தார்கள்?

எதற்கும் இருக்கட்டும் என்று செல்லம்மா ஒரு தட்டைக் கவிழ்த்து எண்ணினாள். இருபத்திரண்டு. இன்னொன்று. இருபத்திரண்டு. பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இப்ப எண்ணுங்க. வாய்விட்டு."

எண்ணினேன். "லாபம். ஒண்ணு. ரெண்டு..."

"நில்லுங்க. அந்த லாபம் யாரு வீட்டு அதிரசம்?"

சிலர் தலையில் இடி விழுந்தது என்று எழுதுவார்கள். என் தலையில் விழுந்தது குடை. ஒன்றல்ல... முப்பத்தேழு.

அதற்குப் பிறகு செல்லம்மா செய்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. எழுந்து கூடத்துக்குப் போனாள். மாவு கரைத்துக்கொண்டிருந்தவர்கள், பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர்கள், எல்லார் காதிலும் விழுகிறாற்போல், "டேய், நீ திங்கலடா. ஒன் அத்தானுக்கு எண்ணத் தெரியல. நான்தான் ஒன்னை அநியாயமாத் திட்டிட்டேன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவனுக்குக் கூடுதலாக இரண்டு அதிரசம் கிடைத்தது.

ஒரு நிமிஷம். அவ்வளவுதான் ஆயிற்று அவளுக்கு. எனக்கு ஏன் பதினொரு வருஷம்?

மறுநாள் மச்சில் ஏறி ஒரு கட்டைப் பிரித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல விரலை நீட்டி எண்ணினேன். பன்னிரண்டு. எல்லாம் அங்கேயே இருந்தது! கறுப்புத்துணி போர்த்திக்கொண்டு, ஒன்றுகூட அசையாமல்.

படி இறங்கினேன், சேட்டுவிடம் சொல்லிவிடலாம் என்று. பாதிப் படியில் நின்றேன். என்னவென்று சொல்வது? ஸ்டாக் பார்க்க வைத்த ஆளுக்கு ஒன்றுக்கு அப்புறம் இரண்டு என்பது தெரியாது என்றா? பட்டுப் பிரிவிலிருந்து கேட்கும் சிரிப்பு என் காதில் அப்போதே விழுந்தது. இடுப்பில் சாவி கனத்தது. மறுபடி மேலே ஏறினேன். எல்லாக் கட்டையும் பிரித்துக் கலைத்து அடுக்கினேன்.

நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன குறைச்சல்?

மழை வந்தது. இடவப்பாதி மழை, நம் வைகாசி நடுவில் பிடிப்பது, மட்டாஞ்சேரியில் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால், வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மாலை பத்ரோஸ் சேட்டன் தம்முடைய பழைய குடையோடு கிளம்பினார். வாசலில் காவலாளி அதை வாங்கி விரித்து, உள்ளே வெளியே பார்த்து, கைப்பிடியில் கடை முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவன் அவன் வேலையைத்தான் செய்தான்.

அடுத்த நாளிலிருந்து பத்ரோஸ் சேட்டன் குடை எடுக்கவில்லை.

ஒன்பது மழைக்காலம்! குடைப் பிரிவின் பெரிய ஆள் சுள்ளிக்கலிலிருந்து நனைந்துகொண்டே வருவார், நனைந்துகொண்டே போவார். தலையில் ஒரு துவர்த்துத் துண்டு மட்டும். வந்ததும் அதைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, குடையின் அருமை பெருமைகளை விளக்கத் தொடங்குவார். "இவர் விற்கிற குடையை இவரே நம்பவில்லையே," என்று ஒரு அம்மாள் வாங்காமல் போனதை நானே பார்த்தேன்.

"சேட்டா, வீட்டில முப்பத்தேழு இருக்குமே, ஒண்ணு எடுத்துக்கூடே?" என்பார் குட்டன் நாயர். ஒவ்வொரு மழைக்கும் இதே கேலி. கேலிக்கும் ஓர் அலுப்பு வர வேண்டாமா? வரவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அடுத்த தீபாவளி வந்தது.

நான் சரியாக எண்ணினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்னுடைய நானூற்று ஏழைத்தான் புத்தகத்தில் ஏற்றியிருந்தார்கள். இப்போது சரியாக எண்ணினால் முப்பத்தேழு குடை அதிகம் வரும். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பழையபடி தப்பாக எண்ணினால்தான் புத்தகம் சரியாக வரும்! அதுவும் சரியாக முப்பத்தேழு அடுக்கு இருந்தால்தான். ஓர் அடுக்கு கூடினால் மறுபடி திருட்டு. ஓர் அடுக்கு குறைந்தால் மறுபடி அதிசயம்.

நீங்கள் கேட்கலாம்: நீதானே எண்ணுகிறாய், பேசாமல் வேண்டிய எண்ணை எழுதிவிட வேண்டியதுதானே என்று. எப்படி எழுதுவேன்? அது பொய் அல்லவா! நான் பொய் எழுத மாட்டேனே!

ஆகவே ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் குடைகளை முப்பத்தேழு அடுக்காகப் பிரித்தேன். ஒவ்வோர் அடுக்கிலும் கை வைத்து, லாபம், ஒன்று, இரண்டு என்று நேர்மையாக எண்ணினேன். வந்ததை எழுதினேன். ஒரு வருஷம் நல்ல மழை. விற்றது போக அறுபது குடைதான் மிச்சம். அறுபதை முப்பத்தேழாகப் பிரித்துப் பாருங்கள்! இருபத்துமூன்று அடுக்கில் இரண்டிரண்டு. மீதிப் பதினாலு அடுக்கில் ஒவ்வொன்று. அந்த ஒற்றைக் குடையின் முன்னால் நின்று "லாபம்" என்பேன். அதோடு முடிந்தது. பூஜ்யம் என்று எழுதுவேன். கண்ணெதிரே ஒரு குடை நிற்கிறது, நான் பூஜ்யம் என்று எழுதுகிறேன், என் மனசாட்சி சரிதான் என்று தலையாட்டுகிறது...

இருபத்துமூன்று. புத்தகத்திலும் இருபத்துமூன்று. சேட்டு என் முதுகில் தட்டினார்.

அவர் சொன்னதைக் கேளுங்கள். "பார்த்தாயா வேலாயுதம், பிடிபட்டதும் பத்ரோஸ் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு ஒரு குடை குறையவில்லை."

என் கணக்கு சரியாக வர வர, அவர் மேலும் மேலும் கள்ளன் ஆனார்.

முருகனுக்கு முப்பத்தேழு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். உடைத்தும் முடித்தேன். பக்கத்தில் நின்ற பூசாரி, "முப்பத்தெட்டு உடைச்சாச்சே, கூட ஒண்ணு எதுக்கு?" என்றார். நான் ஓடி வந்துவிட்டேன்.

சொல்லாமலேயே இருந்துவிடவில்லை. சொல்லப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம், சுள்ளிக்கலில் அவர் வீட்டுக்கு. இருமிக்கொண்டு படுத்திருந்தார். அவர் சம்சாரம் சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

எடுத்தவன் யாரென்று அவருக்குத் தெரியாதாம். ஆனால் ஏதோ பெரிய கஷ்டத்தில்தான் எடுத்திருப்பானாம். ஞாயிறுதோறும் அவர்கள் பள்ளியில், மாதா கோயிலில், அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம்.

"அவன் எவ்விடெயானாலும் நனையாம இருக்கட்டும்," என்றார்.

வாரம் ஒரு மெழுகுவர்த்தி! எனக்காக! வேறொரு சாமியிடம்! என் சாமியிடம் நான் தேங்காய்க் கணக்கைச் சொல்லாமல் ஓடி வந்திருக்கிறேன், அவர் அவருடைய சாமியிடம் என் பெயர் தெரியாமல் எனக்குச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்...

நான் கஷாயத்தைக் குடித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சேட்டா என்றேன். வெளியே வந்தேன். கையில் என் குடை இருந்தது. விரிக்க வரவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாளும் மழைதான். சேட்டு கடையை நிறுத்திவைத்துச் சாயாவும் பலகாரமும் வரவழைத்தார். நல்ல மனுஷர் என்று முன்பே சொன்னேனே. நாலு வார்த்தை பேசினார். பழசை எல்லாம் மறந்துவிட்டேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, மச்சிலிருந்து நல்ல குடையாக ஒன்று கொண்டுவரச் சொன்னார். பத்ரோஸுக்குக் கடையின் அன்பளிப்பு!

யாரும் சிரிக்கவில்லை. குட்டன் நாயர்கூடச் சிரிக்கவில்லை.

மேலே போனேன். எந்தக் குடையை எடுப்பேன்? புத்தகத்தில் உள்ளதையா, இல்லாததையா? கை போன இடத்தில் ஒன்றை எடுத்தேன். எடுக்கும்போது உதடு தன்னால் அசைந்தது. "லாபம்."

பத்ரோஸ் சேட்டன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கும்பிட்டார். வெளியே இறங்கினார். நான் அவரோடு படகுத்துறை முனைவரை போனேன். அவர் குடையை விரிக்கவில்லை. அவர் விரிக்காதபோது நான் எப்படி விரிப்பது? இரண்டு குடையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நனைந்துகொண்டு போவதைப் பஜாரே வேடிக்கை பார்த்தது.

முனையில் நின்று அந்தக் குடையை என் கையில் வைத்தார்.

"இது உனக்குடா வேலாயுதா. இத்தர வருஷத்தில் நீ ஒருத்தன்தான் என்னைக் கள்ளனாப் பார்க்காதவன்."

எப்படிப் பார்ப்பேன்? நான்தானே அறிவேன்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். மழைத்தண்ணீர்தான் உள்ளே போயிற்று. அவர் என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்... தலையில் துவர்த்தோடு.

இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இன்னும் சுள்ளிக்கலில்தான் இருக்கிறார். கூவப்பாடத்தில் என் வீட்டிலிருந்து நடந்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. இருமல் எப்படி இருக்கிறது என்று வழியில் பார்த்தவர்களிடம் கேட்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பள்ளி மணி அடிக்கும்போது நான் வீட்டுக்குள் ஏதாவது வேலை தேடிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதும் பெய்கிறது. செல்லம்மா இப்போதுதான் கேட்டாள், காய் வாங்கப் போக வேண்டும், வீட்டில் எத்தனை குடை இருக்கிறது என்று. ரெண்டு என்று சொன்னேன்.

சுவரில் மூன்று தொங்குகிறது.